தேடினா வராத பதினொரு பேர்

ஹலோ... ஹலோ, கிர்ஸ்டனா?... நான் மார்லிஸ். ஹால்வர் ஆஸ்பத்திரி மார்லிஸ்... ஆமா, ஆமா, ஆள் எடுக்கற பிரிவு மார்லிஸ்தான். வெச்சிடாதம்மா. ஒரு நிமிஷம்... தெரியும். ஆறு வருஷம் ஆச்சு. ஒரு கிறிஸ்மஸ் கார்டுகூட அனுப்பினதில்ல, இப்ப என்ன திடீர்னுதானே... உன் நம்பரா? சர்ச் டைரக்டரியில உங்கம்மா பேருக்குக் கீழ இருந்தது. அவங்களைக் கேக்கல, நானா பாத்து எடுத்தேன். அவங்கமேல கோவிச்சுக்காத.

இல்ல இல்ல, உன்னை வேலைக்குக் கூப்பிட போன் பண்ணல. பயப்படாத... சிரிக்காத கிர்ஸ்டன், சிரிக்கற நிலைமையில நான் இல்ல. நீ ஃபார்கோவுல ஆஸ்பத்திரிங்களுக்கு நர்ஸ் தேடிக் குடுக்கற கம்பெனியில இருக்கியாமே. நாலு வார்த்தை தட்டினியானா கம்ப்யூட்டர்ல நர்ஸுங்க வந்து நிப்பாங்களாமே... சரி, வந்து நிக்க மாட்டாங்க, பேராவது வரும்ல? எனக்குப் பேருகூட வரல. வேலை தேடறவங்க பேரு போடற அந்த சைட்ல பதினேழு நாளா தட்டிட்டிருக்கேன். அந்த நாலு வார்த்தை என்னன்னு மட்டும் சொல்லு. வேற எதுவும் கேக்க மாட்டேன்.

பெவ் விழுந்துட்டாம்மா... நம்ம பெவ்தான். பார்க்கிங்ல ஐஸ்ல வழுக்கி, இடுப்பு எலும்பு. இனிமே அவ நின்னு வேலை பாக்க முடியாது. இப்ப பிரசவம் பாக்க மூணு நர்ஸுதான். நாலு பேர் இல்லாம அந்தப் பிரிவை நடத்தக் கூடாதுன்னு விதி... ஆமா, ஆமா, உனக்குத் தெரியும். இன்னிக்கு நாலு மணிக்கு நிர்வாகக் குழு கூடுது. ஆர்லன்தான் இப்போ தலைவர்... ஆமா, விதைக் கடை ஆர்லன். நாலு மணிக்குள்ள 'வரேன்'னு சொன்ன ஒரு நர்ஸோட பேரை மேஜைமேல வெக்கணும்னுட்டாரு. வெக்கலேன்னா ஒண்ணாந்தேதியோட பிரசவப் பிரிவை மூடிடுவாங்க. மூடினா மூடினதுதான், யாரும் மறுபடி திறக்க மாட்டாங்க.

மணி ரெண்டு இருபது.

உங்க கம்பெனி ஆளா?... அதெல்லாம் கேட்டுப் பாத்தாச்சு. பதிமூணு வாரம் இருந்துட்டுப் பெட்டி கட்டற நர்ஸை அவரு ஆளாவே சேக்க மாட்டேங்கறாரு. நிரந்தரமா வரணும்... ஆமா. ஆமா... முதல்ல என்ன தட்டினேனா? இரு, படிக்கறேன். 'பதிவுபெற்ற செவிலியர், இரண்டாம் நிலை, மகளிர் மற்றும் மகப்பேறு சேவைகள் பிரிவு'... முழுசாத்தான் தட்டினேன்... ஆமா, மேற்கோள் குறிக்குள்ள... ஏன் இப்படி சிரிக்கற? அதுதான் அந்த வேலையோட பேரு. கமிட்டி போட்டு மூணு கூட்டம் நடத்தி வெச்ச பேரு... சரி. சரி, எந்த நர்ஸும் தன்னைப் பத்தி அப்படி எழுத மாட்டா, ஒத்துக்கறேன். நீயே ஒன்பது வருஷம் அந்த வேலை பாத்தியே, உனக்கு அந்தப் பேரு தெரியும்தானே?... தெரியாதா... ஒன்பது வருஷமுமா தெரியாது. சரி விடு.

'பிரசவ நர்ஸ்'. அவ்ளோதானா? ரெண்டே வார்த்தை?... தட்டிட்டேன். ஐயோ. நாலாயிரத்து முன்னூறு பேரு... இருக்காங்கம்மா, ஆனா எங்க இருக்காங்க பாரு. ஃப்ளோரிடா, டெக்சஸ், ஃப்ளோரிடா, அரிசோனா. இந்தப் பாடு ஏற்கனவே பட்டாச்சு. போன வருஷம் டாம்பாலேர்ந்து ஒரு பொண்ணை எடுத்தோம். கடற்கரை இருக்கான்னு கேட்டா. ஏரி இருக்குன்னு சொன்னேன். பொய் இல்லையே. வருஷத்துல அஞ்சு மாசம் அதுமேல லாரியே ஓட்டலாம்ங்கறத மட்டும் சொல்லல... ஒன்பது நாள். பத்தாம் நாள் காலையில காரைச் சூடு பண்ணிட்டு வரேன்னு வெளில போனா. அப்படியே ஊருக்கு ஓட்டிட்டுப் போயிட்டா.

என்ன சொன்ன? மெதுவா சொல்லு, எழுதிக்கறேன். வேலையோட பேரைத் தேடாத... கை என்ன பண்ணுதோ அதைத் தேடு. ம். ம்... நம்ம எடத்துல பிரசவ நர்ஸோட கை என்ன பண்ணுதா? உனக்குத் தெரியாததா கிர்ஸ்டன், எல்லாம்தான் பண்ணுது. ஒரு அறையில குழந்தையை வாங்கணும், அடுத்த அறையில ட்ராக்டர்ல விரலை விட்டவனுக்குக் கட்டுப் போடணும்... ஓ. அதையே தட்டணுமா? 'பிரசவம்', அதோட 'எமர்ஜென்சி', ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கணும்... அதோட 'இருபத்தஞ்சு படுக்கை'. ஆமா, ஆமா, சின்ன ஊரு ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் இருபத்தஞ்சுதான் கணக்கு. சின்ன எடத்துல வேலை பாத்தவங்க அதை எழுதுவாங்களா?... பெருமையாவே எழுதுவாங்களா. இது எனக்குத் தோணவே இல்ல பாரு.

அறுபத்தொண்ணு. நாலாயிரம் அறுபத்தொண்ணு ஆயிடுச்சு. கிர்ஸ்டன், நீ ஒரு... இரு, இரு, சந்தோஷப்படாதன்னு சொல்றியா. சரி. படல... இப்ப குளிரு. குளிரு தெரிஞ்ச ஆளா வேணும். ஆனா 'எனக்குக் குளிரு பிடிக்கும்'னு யாரு எழுதுவா?... பொழுதுபோக்கா? கடைசி வரியில எழுதியிருப்பாங்களா? அதை நான் படிக்கவே மாட்டேனே. நானும் முப்பத்தொரு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன், ஒருத்தரோட கடைசி வரியைப் படிச்சதில்ல... 'ஐஸ்ல துளை போட்டு மீன் பிடிப்பது'. தட்டறேன்.

ஒருத்தரு! ஒரே ஒருத்தரு வந்திருக்காரு. விஸ்கான்சின். வெண்டல் ஓப்சால்... ஆம்பள நர்ஸு, அதனால என்ன? குழந்தை பாத்துக்கிட்டா வரப்போகுது, பிடிக்கறது யாரு கைன்னு. பதினாலு வருஷம் பிரசவ வார்டு, எமர்ஜென்சி, ஐஸ் மீன். எனக்குன்னே செஞ்சு அனுப்பின மாதிரி இருக்காரு. நீ லைன்லயே இரும்மா, வெக்காத. மேஜை போன்லேர்ந்து அவருக்குப் போட்டுப் பாக்கறேன். வெச்சிடாத, சத்தியமா ரெண்டு நிமிஷம்...

...ஹலோ, மிஸ்டர் ஓப்சாலுங்களா? வணக்கம், நான் வடக்கு டகோட்டா ஹால்வர் ஆஸ்பத்திரியிலேர்ந்து மார்லிஸ் டோலஃப்சன் பேசறேன். உங்க விவரம் பாத்தேன்... ஆமாங்க, ஹால்வர். யாருக்கும் தெரியாதுங்க, பரவால்ல. எங்க ஏரியில மீன் இம்மாம் பெருசு கிடைக்குங்க, நீங்க ஒரு தடவை... ஓ... ஓ, அப்படிங்களா... எப்போ?... திங்கட்கிழமையா. போன திங்கட்கிழமை... கையெழுத்தே போட்டுட்டீங்களா... இல்லங்க, இல்லங்க, நல்ல விஷயம்தான். வாழ்த்துக்கள்... உங்க சம்சாரத்துக்கும் சொல்லுங்க.

...கிர்ஸ்டன்? இருக்கியா?... கேட்டுட்டு இருந்தியா. ஆமா. மூணு நாள் முன்னாடி போட்டிருந்தா கெடைச்சிருப்பாரு. மூணு நாள் முன்னாடி நான் என்ன பண்ணிட்டிருந்தேன் தெரியுமா? 'மகளிர் மற்றும் மகப்பேறு சேவைகள் பிரிவு'ன்னு தட்டிட்டு உக்காந்திருந்தேன்.

இல்ல, அழல... அழலம்மா. மூக்கு. ஹீட்டர் காத்து... சரி, அழறேன். ஹெய்டிக்கு ஏழரை மாசம். எம் பொண்ணு ஹெய்டி, சின்னவ, நீ பாத்திருக்க. போன தடவை அவளுக்கு எப்படி ஆச்சுன்னு உனக்குத் தெரியும், நீதானே கூட இருந்த. வலி எடுத்து நாப்பது நிமிஷம். நாப்பதே நிமிஷத்துல குழந்தை வெளில. இப்ப பிரிவை மூடிட்டா அடுத்த ஆஸ்பத்திரி தொண்ணூத்தி நாலு மைல். ஜனவரியில ஒரு பனிப்புயல் வந்தா நெடுஞ்சாலைக்குக் குறுக்க கேட்டை எறக்கிடறாங்க. கேட்டுக்கு இந்தப் பக்கம் அவ பிக்கப் வண்டியில உக்காந்துட்டு என்ன பண்ணுவா, நீயே சொல்லு... அவ மட்டும் இல்ல, இந்த ஊர்ல இப்ப பதினாலு பேரு மாசமா இருக்காங்க. எண்ணி வெச்சிருக்கேன். மத்த பதிமூணு பேருக்காகவும்தான் அழறேன்னு வெச்சுக்கோயேன்.

இரு... யாரோ கதவுல... வாங்க ஆர்லன். இல்ல, இன்னும் இல்ல. பேசிட்டுதான் இருக்கேன்... அது என்ன காகிதம்? என் மேஜைமேல வெக்காதீங்க... 'ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்'. ஏற்கனவே எழுதிட்டீங்களா? மணி மூணுகூட ஆகல. வருத்தம் அதுக்குள்ள ஆழ்ந்துடுச்சா... வெளில இருங்க. கூப்பிடறேன்... போயிட்டாரு. ஆமா, அதே பச்சைத் தொப்பிதான்.

சொல்லு. வேற என்ன தட்டட்டும்?... யாருக்கும் நம்ம ஊரைப் பிடிக்க வெக்க முடியாது, ஏற்கனவே தெரிஞ்சவங்களைத் தேடு... புரியல... ஸ்கூல் பேரா? 'ஹால்வர் உயர்நிலைப் பள்ளி', அதோட 'நர்ஸ்'. இங்க படிச்சிட்டு வெளில போனவங்க. கிர்ஸ்டன், உனக்கு மூளை எங்கருந்து... மூணு பேரு வந்திருக்காங்க. முதல் ஆளுக்கு வயசு எழுபத்தொண்ணு. ரெண்டாவது... மாட்டு ஆஸ்பத்திரி. கன்னுக்குட்டி பிரசவம் பாப்பா, ஆர்லனுக்கு அது போதுமான்னு கேக்கலாம். மூணாவது ஹவாயில இருக்கா. படத்துல கழுத்துல பூமாலை. இவளுக்கு நான் போன் பண்ணினா வெட்கக்கேடு.

மூணு பத்து.

நம்ம ஃபைலா? நம்மகிட்ட முன்னாடி வேலை பாத்தவங்களா?... அதைத்தாம்மா முதல் நாளே பாத்தேன். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல எல்லாரும் இருக்காங்க, விண்ணப்பம் போட்டவங்க, வந்தவங்க, போனவங்க. நர்ஸ், பிரசவம்னு தேடினேன். இப்ப இருக்கற மூணு பேரும் பெவ்வும்தான் வந்தாங்க. போனவங்க ஒருத்தர்கூட வரல... எப்படி இருக்க முடியாது? வரல, அவ்ளோதான்... உனக்குத் தெரிஞ்சே அஞ்சு பேர் போயிருக்காங்களா. ஆமா, போனாங்க. சோல்வெய்க் போனா. அந்த உயரமான பொண்ணு போனா... நீயும்... ஆமா. ஆனா கம்ப்யூட்டர் காட்டலியே... தப்பா தட்டல கிர்ஸ்டன். தட்டறதே இல்ல. ஏற்கனவே எழுதி வெச்ச தேடல் அது. பத்து வருஷமா அதே வரிதான், ஒரு பொத்தானை அழுத்தினா ஓடும்... நானேதான் எழுதினேன். இதுகூடவா எனக்குத் தெரியாது?

அந்த வரியைப் படிக்கணுமா? படிக்கறேன். 'நர்ஸ்'. கூட்டல் 'பிரசவம்'. கூட்டல் 'லைசென்ஸ் செல்லுபடி'. கழித்தல்...

...

இல்ல, லைன் போகல. இருக்கேன். கழித்தல் ஏழு.

ஏழுன்னா... அது ஒண்ணும் இல்லம்மா, ஒரு குறியீடு. எல்லா ஆஸ்பத்திரியிலயும் இருக்கும்... உனக்கே தெரியுமா. ஆமா, நீ இந்தத் தொழில்ல இருக்க, தெரியாம இருக்குமா. 'மறுபடி வேலைக்கு எடுக்கத் தகுதியற்றவர்'. வேலையை விட்டுப் போறப்போ ஃபைலை மூடற படிவத்துல கீழ ஒரு கட்டம் இருக்கும். ரெண்டு வாரம் முன்னாடி எழுதிக் குடுக்காம போனா டிக் அடிக்கணும். அதுதான் விதி. திருடினவங்களுக்கும் அதே கட்டம்தான், குடிச்சிட்டு வந்தவங்களுக்கும் அதேதான்... ஆமா. எடுக்கக் கூடாதவங்களைத் தேடி என்ன ஆகப்போகுதுன்னுதான் கழிச்சு வெச்சேன். அப்புறம் மறந்தே போச்சு. சத்தியமா மறந்து போச்சும்மா. பத்து வருஷமா அந்த வரியை நான் படிச்சதே இல்ல.

எடுத்துடட்டுமா? எடுத்துட்டேன். ஓடுது... வருது. பதினொண்ணு. பதினொரு பேரு கிர்ஸ்டன். எல்லாரும் இங்க இருந்திருக்காங்க. எல்லாருக்கும் லைசென்ஸ் உயிரோட இருக்கு. பதினேழு நாளா என் மூக்குக்குக் கீழயே.

படிக்கறேன், படிக்கறேன். டாம்பா பொண்ணு, அவ போகட்டும். சோல்வெய்க். புருஷனுக்கு ராணுவத்துல திடீர்னு ஊரு மாத்தினாங்க, நாலு நாள்ல போகணும்னாங்க. ரெண்டு வாரம் இல்ல, டிக். இங்க்ரிட், குழந்தைக்கு இதயத்துல ஓட்டை, மினியாபொலிஸுக்கு ஓடினா. டிக். இந்த உயரமான பொண்ணு டோர்தி, அடிக்கற புருஷனை விட்டு ராத்திரியோட ராத்திரியா போனா, ரெண்டு வாரம் முன்னாடி எழுதிக் குடுத்திருந்தா அவன் கொன்னிருப்பான். டிக். எல்லாத்துலயும் என் முதலெழுத்து. மா. டோ., மா. டோ. ... சோல்வெய்க் இப்ப எங்க இருக்கா? திரும்பி வந்துட்டாளா? இருபது மைல்லயா? தானியக் கிடங்கு ஆபீஸ்ல எடை போடறாளா? ஐயோ. ஒரு பிரசவ நர்ஸு இருபது மைல்ல உக்காந்து கோதுமையை எடை போட்டுட்டிருக்கா.

மீதியும் படிச்சிட்டேன். அவ்ளோதான். பத்து பேரு.

...பதினொண்ணுன்னா சொன்னேன்?... இல்ல, டாம்பாவோட சேத்து பத்து. நான்தான் தப்பா...

...

பதினொண்ணுதாம்மா.

ஆறாவது பேரு உன்னோடது. கிர்ஸ்டன் வோல்ட். 'முன்னறிவிப்பு இன்றி விலகினார்.' மா. டோ.

...கிர்ஸ்டன்?... ஞாபகம் இருக்கான்னா கேக்கற?

ஆமா. எனக்கு ஞாபகம் இருக்கு. மறந்தேன்னு சொன்னது அந்த வரியைத்தான், உன்னை இல்ல. செப்டம்பர், அறுப்பு சமயம். உங்கப்பா அறுவடை மெஷின்லயே சரிஞ்சாருன்னு தகவல் வந்தப்போ காலையில பத்து மணி. யூனிஃபார்மோட ஓடின. கார்லேர்ந்து எனக்குப் போன் பண்ணின. நான் என்ன சொன்னேன்னு உனக்கு... ஆமா. 'போம்மா, இங்க நாங்க பாத்துக்கறோம்'னு சொன்னேன். அதேதான் சொன்னேன். பத்தொன்பது நாள் அவர் பக்கத்துல இருந்த. அப்புறம் அம்மா தனியா இருக்காங்க, நான் இனிமே வர முடியாதுன்னு போன்ல சொன்ன. 'புரியுதும்மா'ன்னு சொன்னேன். புரிஞ்சுதான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை உங்கப்பா சாவுக்கு வந்தேன். ஆமா, உருளைக்கிழங்கும் கறியும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ் கொண்டு வந்தேன், நீல மூடி போட்ட பாத்திரத்துல. உங்கம்மா என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதாங்க. திங்கட்கிழமை ஆபீஸ்ல வந்து உக்காந்து உன் ஃபைலை மூடினேன். கட்டம் வந்துது. டிக் அடிச்சேன். ஒரு நொடிகூட கை நிக்கல கிர்ஸ்டன். விதி, டிக், அடுத்த ஃபைல். நான் கெட்டவ இல்லன்னுதான் இத்தனை நாள் நெனச்சிட்டிருந்தேன்.

என்ன?... என்ன கேட்ட?... பிஸ்மார்க்கா...

அதை இப்ப ஏம்மா... ஆமா. வந்துது. பிஸ்மார்க் ஆஸ்பத்திரியிலேர்ந்து உன்னைப் பத்திக் கேட்டு போன் வந்துது. மைனாட். கிராண்ட் ஃபோர்க்ஸ்... மூணு எடமும். வேற ஒண்ணும் கேக்க மாட்டாங்க, உனக்குத் தெரியுமே, கேஸ் போட்டுடுவாங்கன்னு பயம். எத்தனை வருஷம் வேலை பாத்தாங்க, மறுபடி எடுப்பீங்களா, ரெண்டே கேள்விதான். நான் ஸ்கிரீனைப் பாத்து... ஆமா. 'இல்லை'ன்னு சொன்னேன். மூணு தடவையும்... அவங்க ஏன்னு கேக்கல, நானும் சொல்லல. சொல்லக் கூடாதுன்னு விதி.

உனக்குத் தெரியாதா? இத்தனை நாளா தெரியவே தெரியாதா?... நேர்காணல் சரியா பண்ணலன்னு நெனச்சிட்டியா... முடியை வேற வெட்டிக்கிட்டியா அதுக்காக... ஐயோ கிர்ஸ்டன். ஐயோ. உன் கையைப் பாத்து ஒருத்தன் வேணாம்னு சொல்லுவானா? அந்தக் கை இல்லேன்னா எம் பேரன் இன்னிக்கு... கொடி சுத்தி நீலமா வந்தான், நீதானே... நான்தான்மா. நீ இல்ல. அந்த மூணு எடமும் நான்தான்.

வேலை கெடைக்காமதான் இந்த நர்ஸ் தேடற கம்பெனிக்குப் போனியா... நான் என்னமோ நீ முன்னேறிப் போயிட்டன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தேன். ஆனா லைசென்ஸ்? ஸ்கிரீன்ல இருக்கு, அடுத்த வருஷம் வரைக்கும் உயிரோட இருக்கு. வேலையே பாக்காம ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பரீட்சை எழுதி எழுதிப் புதுப்பிச்சிருக்க... எதுக்கும்மா?... சரி. சொல்ல வேணாம்.

இப்பவே எடுக்கறேன். இப்பவே, நீ லைன்ல இருக்கறப்பவே. டிக்கை எடுத்துட்டேன்... விட மாட்டேங்குது. 'மாற்றத்துக்கான காரணம்'னு ஒரு கட்டம் கேக்குது. காலியா விட்டா ஏத்துக்காதாம். என்ன எழுதட்டும்?... நானேவா யோசிக்கணும். சரி... எழுதறேன். 'தவறு பணியாளருடையது அல்ல. என்னுடையது. மார்லிஸ் டோலஃப்சன்.' முழுப் பேரும் போட்டுட்டேன். ஏத்துக்கிச்சு. பதினொரு பேருக்கும் இதையேதான் போடப் போறேன்.

மணியா? மூணு நாப்பத்தஞ்சு.

கிர்ஸ்டன், கேக்கக் கூடாதுதான். கேட்டா செருப்பால அடிப்பேன்னு சொல்லு, வாங்கிக்கறேன். முதல்ல சொன்னேன், வேலைக்குக் கூப்பிட இல்லன்னு. அப்போ பொய் சொல்லல. இப்போ கேக்கறேன். நீ வரியா?... எனக்காக வேணாம். என்னை இன்னியோட வேலையை விட்டுப் போகச் சொல்லு, போறேன், ரெண்டு வாரம்கூட எழுதிக் குடுக்காம போறேன். ஹெய்டிக்காகவும் வேணாம். அந்தப் பதினாலு பேருக்காக. வரியாம்மா?

...

...

சரி. யோசி... இரு, ஆர்லன் கதவுல நிக்கறாரு. ஒரு நிமிஷம் ஆர்லன். உள்ள வாங்க, உக்காருங்க. அந்தக் காகிதத்தை மடிச்சு வெச்சுக்கோங்க.

...என்ன கிர்ஸ்டன்? ஏன் குரலை மாத்திப் பேசற?... கேள்வியா? சரி, கேளு... ஓ. பிஸ்மார்க்லேர்ந்து கேட்ட அந்த ரெண்டு கேள்வியா. புரியுது.

ஆமாங்க. ஹால்வர் ஆஸ்பத்திரிதாங்க, ஆள் எடுக்கற பிரிவு. மார்லிஸ் டோலஃப்சன் பேசறேன்... ஆமாங்க, கிர்ஸ்டன் வோல்ட் இங்கதான் வேலை பாத்தாங்க... ஒன்பது வருஷம். பிரசவப் பிரிவு... அடுத்த கேள்வியா? கேளுங்க.

...

எடுப்போம்.

ஆமாங்க. மறுபடி எடுப்போம்... இல்லங்க, தயக்கம் எதுவும் இல்ல... ஆமா. ஆமா, எப்ப கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன். எழுதிக்கோங்க... நாளைக்குக் காலையில வேற யாராவது கேட்டாலும் இதேதான்.

ஒண்ணு கேக்கலாங்களா? எந்த ஆஸ்பத்திரிக்காகக் கேக்கறீங்க?...

...

ஃபார்கோவா.

...ஓ. சரி... இல்ல, இல்ல, நல்ல எடம்தாங்க. பெரிய எடம். அவங்க குடுத்து வெச்சவங்க... உங்களுக்கும் நன்றி.

...கிர்ஸ்டன்?... ஹலோ?... ஹலோ...

வெச்சிட்டா. இல்ல ஆர்லன், இந்தப் பேரு நமக்கு இல்ல. இது ஃபார்கோ ஆஸ்பத்திரிக்கு. உக்காருங்க, இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. சோல்வெய்க் நம்பரைச் சொல்லுங்க, கிடங்கு ஆபீஸ் நம்பரு, உங்ககிட்ட இருக்குமே... மெதுவா. எழுதிக்கறேன், மறுபடி சொல்லுங்க.